கடன் வாங்கிய சீமை

அயல்நாட்டு விவகாரம் என்று கண்டவுடனே பக்கத்தைப் புரட்டிவிட்டு, தொடர்கதை எங்கே என்று தேடுகிறவர்கள் உண்டு. அவர்கள் பேரில் குறை சொல்வதற்கில்லை. மகாநாடு, உடன்படிக்கை, ராஜதந்திரம், கூட்டறிக்கை என்று ஒருவர் அடுக்கிக்கொண்டே போனால், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவருக்கு அதைப் படிக்கப் பொறுமை எப்படி இருக்கும்?

ஆனால் இங்கே சொல்லப் போவது ஒரு கடனின் கதை. கடன் என்றால் என்ன, வட்டி என்றால் என்ன, கடன் கொடுத்தவருக்கு எதிரே நிற்கும்போது குரல் எப்படித் தானாகத் தாழ்ந்து போகிறது என்பதெல்லாம் குடித்தனம் செய்கிறவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இந்தக் கதையில் கடன் வாங்கியது பிரிட்டன். ஒரு காலத்தில் பூமியில் ஏறக்குறைய கால் பங்கை ஆண்ட அதே பிரிட்டன்தான். கடன் கொடுத்தது அமெரிக்கா. பத்திரம் எழுதியது 1945-ம் வருஷம். கடைசித் தவணை கட்டியது 2006-ம் வருஷம். நடுவே 61 வருஷங்கள்! அந்த 61 வருஷங்களில் 11 பேர் பிரிட்டிஷ் பிரதம மந்திரி நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தொழிற் கட்சி வந்தது. கன்ஸர்வேடிவ் கட்சி வந்தது. மறுபடியும் தொழிற் கட்சி வந்தது. கட்சி மாறியது, கடன் மாறவில்லை.

தோட்டக் குழாய்

1940-ம் வருஷம் டிசம்பர் மாதம். ஹிட்லரின் விமானங்கள் லண்டன்மீது குண்டு வீசிக்கொண்டிருந்தன. அமெரிக்கா இன்னும் யுத்தத்தில் இறங்கவில்லை. ஆயுதம் வாங்கிக் கொண்டிருந்த பிரிட்டனுக்கோ கையில் டாலர் வற்றிவிட்டது. அப்போது ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பத்திரிகை நிருபர்களிடம் ஓர் உதாரணம் சொன்னார். பக்கத்து வீடு தீப்பற்றி எரிகிறது. அந்த வீட்டுக்காரர் ஓடிவந்து நம் தோட்டக் குழாயைக் கேட்கிறார். இதன் விலை 15 டாலர், முதலில் அதைக் கொடு என்றா சொல்வோம்? குழாயைக் கொடுத்துவிட்டு, நெருப்பு அணைந்த பிறகு திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டோமா? இதுதான் ரூஸ்வெல்ட் கேட்டதின் சாராம்சம்.

அழகான உதாரணம். 1941-ம் வருஷம் மார்ச் மாதம் அது சட்டமாகவே ஆகியது. துப்பாக்கி முதல் முட்டைப் பவுடர் வரையில் எல்லாம் அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்கு வந்து இறங்கின. ரொக்கம் கேட்கப்படவில்லை.

நெருப்பு 1945-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் அணைந்தது. ஜப்பான் சரணடைந்த சில நாட்களுக்குள்ளேயே, புதிய ஜனாதிபதி ட்ரூமன் குழாயை இழுத்துக்கொண்டுவிட்டார். முன்னறிவிப்புக் கிடையாது. நடுக்கடலில் வந்துகொண்டிருந்த சரக்குக்கும் இனிமேல் கணக்கு என்றார்கள்.

இதற்குச் சற்று முன்புதான் பிரிட்டனில் ஒரு பெரிய மாறுதல் நடந்திருந்தது. யுத்தத்தில் ஜயித்துக் கொடுத்த சர்ச்சிலை, அந்த ஜூலை மாதத் தேர்தலில் ஜனங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜெர்மனியில் போட்ஸ்டாம் மகாநாட்டை ஆரம்பித்தவர் சர்ச்சில்; தேர்தல் முடிவுக்காக அவர் லண்டனுக்குப் போனார்; அதே நாற்காலிக்குத் திரும்பி வந்தவர் தொழிற் கட்சித் தலைவர் அட்லி! அவர் கட்சிக்கு 393 ஸ்தானங்கள். எல்லாருக்கும் வைத்தியம், எல்லாருக்கும் வீடு, எல்லாருக்கும் வேலை என்று வாக்களித்து வந்தவர் அவர். பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை.

கேட்டது தானம், கிடைத்தது வட்டிக் கடன்

பிரிட்டன் தன் மிகப் பெரிய பொருளாதார நிபுணரான கெயின்ஸ் பிரபுவை வாஷிங்டனுக்கு அனுப்பியது. அவருக்கு உடம்பு சரியில்லை, இருதய நோயாளி. ஆனாலும் நம்பிக்கையோடு போனார். ஹிட்லரை ஒரு வருஷ காலம் தனியாக எதிர்த்து நின்ற தேசத்துக்கு அமெரிக்கா பணத்தைத் தானமாகவே கொடுக்கும், அல்லது வட்டியில்லாமலாவது கொடுக்கும் என்பது அவர் எண்ணம்.

மூன்று மாதம் பேசினார்கள். கிடைத்தது 375 கோடி டாலர் கடன். வட்டி நூற்றுக்கு 2. யுத்தச் சரக்குப் பாக்கிக்காக இன்னொரு 65 கோடி டாலர் தனிக் கணக்கு. 1951-ம் வருஷத்திலிருந்து வருஷத்துக்கு ஒன்றாக 50 தவணைகள். இன்னொரு நிபந்தனையும் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். 1945-ம் வருஷம் டிசம்பர் 6-ந் தேதி கையெழுத்தாயிற்று. கெயின்ஸ் அடுத்த ஏப்ரலில் காலமாகிவிட்டார்.

பார்லிமெண்டில் இந்தக் கடன் உடன்படிக்கை வந்தபோது, அட்லியின் சொந்தக் கட்சியிலேயே சில இளம் அங்கத்தினர்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கலஹன். இந்த நிபந்தனைகளுக்கு உட்பட முடியாது என்று, கையில் இருந்த சிறு பதவியைக்கூட விட்டு விலகினார். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கன்ஸர்வேடிவ் தலைவர்களோ, ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் ஓட்டுப் போடாமல் இருந்துவிடத் தீர்மானித்தார்கள். கடன் வேண்டும், கெட்ட பெயர் வேண்டாம்!

ரொட்டிக்கும் சீட்டு

"கடன் வாங்கியும் பட்டினி, கல்யாணம் பண்ணியும் சந்நியாசி" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். பிரிட்டனுக்கு அப்படித்தான் ஆயிற்று.

யுத்தம் நடந்த ஆறு வருஷங்களில் பிரிட்டனில் சர்க்கரைக்கு ரேஷன் உண்டு, தேயிலைக்கு உண்டு, வெண்ணெய்க்கு உண்டு, துணிக்கு உண்டு. ரொட்டிக்கு மட்டும் இல்லை. யுத்தத்தில் ஜயித்து ஒரு வருஷம் ஆன பிறகு, 1946-ம் வருஷம் ஜூலை 21-ந் தேதி ரொட்டிக்கும் ரேஷன் வந்தது! உலகத்தில் கோதுமைப் பஞ்சம்; தோற்றுப்போன ஜெர்மனியில் பிரிட்டன் வசம் இருந்த பகுதிக்கும் சோறு போட வேண்டும்; கோதுமை வாங்க டாலர் வேண்டும். நம் ஊரில் அரிசிக்குச் சீட்டு வந்தால் எப்படியோ, அப்படி.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு பாதிரியாரின் மனைவி ஆரம்பித்த பிரிட்டிஷ் இல்லத்தரசிகள் சங்கம் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கியது, கூட்டம் போட்டது. அமெரிக்க டாலர் செலவழியாமல் இருக்கத் தென் ஆப்பிரிக்காவிலிருந்து ஸ்னோக் என்று ஒரு மீனை டப்பா டப்பாவாகச் சர்க்கார் வரவழைத்தது. அதை எப்படிச் சமைப்பது என்று சர்க்காரே பக்குவமும் எழுதி வெளியிட்டது. ஜனங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிச்சம் மீதி பூனைகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்வார்கள்.

அடுத்து வந்தது 1947-ம் வருஷத்துக் குளிர். வாரக்கணக்காகப் பனி, சுரங்கத்திலிருந்து நிலக்கரி வர முடியவில்லை. வீடுகளில் காலையில் 3 மணி நேரம், பிற்பகலில் 2 மணி நேரம் மின்சார அடுப்பும் விளக்கும் போடக் கூடாது என்று உத்தரவு. அந்தப் பிப்ரவரியில், ஒரே வாரத்தில், லண்டனிலிருந்து மூன்று முடிவுகள் வெளிவந்தன. பாலஸ்தீனப் பிரச்னையை ஐக்கிய நாடுகள் சபையிடம் ஒப்படைக்கப் போகிறோம் என்றார்கள். இந்தியாவை விட்டு 1948-ம் வருஷம் ஜூன் மாதத்துக்குள் வெளியேறுகிறோம் என்றார்கள். கிரீஸுக்கும் துருக்கிக்கும் இனிமேல் எங்களால் பணம் கொடுக்க முடியாது என்று அமெரிக்காவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பொறுப்பை மார்ச் மாதம் ட்ரூமன் ஏற்றுக்கொண்டார். மூத்த மருமகள் இடுப்புச் சாவியை இளையவளிடம் கழற்றிக் கொடுப்பதுபோல், உலகப் பொறுப்பு அந்த வாரத்தில் கை மாறியது. நம்முடைய சுதந்திரம் மகாத்மாவும் லட்சோபலட்சம் ஜனங்களும் பட்ட பாட்டினால் வந்தது. ஆனாலும் அதன் தேதியை நிச்சயித்ததில் லண்டனின் காலிப் பெட்டிக்கும் ஒரு பங்கு உண்டு.

இனி அந்த நிபந்தனைக்கு வருகிறேன். ஒரு கடைக்காரர் தன் பாக்கிதாரர்களுக்கெல்லாம் ரொக்கத்துக்குப் பதில் துண்டுச் சீட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார் என்று வையுங்கள். சீட்டை அவர் கடையிலேதான் மாற்றலாம். புதிதாகக் கடன் கொடுப்பவர், "சீட்டைக் கொண்டுவருகிறவர்களுக்கெல்லாம் நீர் ரொக்கம் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும்" என்று நிபந்தனை போடுகிறார். என்ன ஆகும்? வியாபாரத்தில் பவுண்டு சம்பாதித்த எந்தத் தேசமும் அதை டாலராக மாற்றிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு 1947-ம் வருஷம் ஜூலை 15-ந் தேதி அமுலுக்கு வந்தது. எல்லாரும் ஒரே சமயத்தில் வாசலில் வந்து நின்றார்கள். ஐந்தே வாரம். ஆகஸ்டு 20-ந் தேதி கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்குள் கடன் வாங்கிய டாலரில் பெரும்பகுதி கரைந்து போயிற்று. பிறகு அமெரிக்காவின் மார்ஷல் திட்டம் வந்துதான் பிரிட்டனும் மற்ற ஐரோப்பிய நாடுகளும் மூச்சுவிட்டன.

நம் கணக்கு ஒன்று உண்டு

சீட்டு வைத்திருந்தவர்களில் நாமும் ஒருவர். யுத்த காலத்தில் இந்தியாவிலிருந்து துணியும், சணலும், தானியமும், சிப்பாய்களுக்கு வேண்டிய இதர சாமான்களும் பிரிட்டனின் கணக்கில் போயின. விலையை ரொக்கமாகக் கொடுக்கவில்லை. லண்டனில் பற்று எழுதி வைத்தார்கள். யுத்த முடிவில் பார்த்தால் பிரிட்டன் இந்தியாவுக்குக் கொடுக்க வேண்டியது 100 கோடி பவுண்டுக்கும் மேல்! 1943-ம் வருஷத்து வங்காளப் பஞ்சத்தில் ஜனங்கள் மடிந்துகொண்டிருந்த காலத்திலும் இந்தக் கணக்கு ஏறிக்கொண்டிருந்தது என்பதை நினைக்கும்போது மனம் பதைக்கிறது.

உங்கள் பாதுகாப்புக்கும் சேர்த்துத்தானே செலவாயிற்று, எதிர்க்கணக்கு எழுதிக் கழித்துவிடலாம் என்பது சர்ச்சிலின் கட்சி. அது நடக்கவில்லை. ஆனால் பணம் மொத்தமாகவும் வரவில்லை. வருஷத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று பேச்சுவார்த்தை நடத்தி நடத்தி வந்தது. சுதந்திர இந்தியா முதல் பத்துப் பன்னிரண்டு வருஷங்களில் இயந்திரமும் தானியமும் வாங்கியதில் அதன் பெரும்பகுதி செலவாகியது. அமெரிக்கா கறாராக இருக்கிறது என்று லண்டனில் குறைப்பட்டுக் கொண்டவர்கள், டில்லிக்குப் பதில் சொல்லும்போது தாங்களும் கறாராகத்தான் இருந்தார்கள். 1949-ம் வருஷம் செப்டம்பரில் பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைத்தபோது, நம் ரூபாயும் கூடவே இறங்கிற்று. டாலருக்கு 3 ரூபாய் 31 காசுக் கணக்காக இருந்தது 4 ரூபாய் 76 ஆயிற்று.

மூக்குக் கண்ணாடி கவிழ்த்த மந்திரிசபை

தொழிற் கட்சி செய்த பெரிய காரியம் 1948-ம் வருஷம் ஜூலை 5-ந் தேதி ஆரம்பமான இலவச வைத்தியத் திட்டம். டாக்டர், மருந்து, ஆஸ்பத்திரி, மூக்குக் கண்ணாடி, பல் செட் எல்லாம் இலவசம். வருஷக்கணக்காகப் பல் வலியைப் பொறுத்துக்கொண்டிருந்த தாய்மார்களும், கடையில் ஏதோ ஒரு கண்ணாடியைப் போட்டுப் பார்த்து வாங்கி வந்த கிழவர்களும் முதன்முதலாக ஒழுங்கான வைத்தியத்தைக் கண்டார்கள். அதை உண்டாக்கியவர் சுரங்கத் தொழிலாளியின் பிள்ளையான பீவன்.

1950-ம் வருஷம் கொரியாவில் யுத்தம் மூண்டது. அமெரிக்காவின் தோழன் என்ற முறையில் பிரிட்டனும் பெரிய அளவில் ஆயுதம் தயாரிக்க வேண்டியதாயிற்று: மூன்று வருஷத்துக்கு 470 கோடி பவுண்டுத் திட்டம். பணத்துக்கு எங்கே போவது? 1951-ம் வருஷம் ஏப்ரலில் நிதி மந்திரி கெய்ட்ஸ்கெல், கண்ணாடிக்கும் பல் செட்டுக்கும் பாதி விலை வசூலிக்கப் போவதாக அறிவித்தார். கொரியாவில் வெடித்த குண்டு எங்கே வந்து விழுந்தது பாருங்கள்! பீவன் ராஜிநாமாச் செய்தார். அவரோடு ஹாரல்ட் வில்ஸன் என்ற இளம் மந்திரியும் வெளியேறினார். கட்சி இரண்டுபட்டது.

அதே வருஷம் அக்டோபரில் தேர்தல். இறைச்சி ரேஷன் யுத்த காலத்தைவிடக் குறைந்து போயிருந்த வருஷம் அது. கட்டுப்பாடுகளை நீக்குவோம் என்று கன்ஸர்வேடிவ் கட்சி முழங்கியது. ரேஷன் வரிசையில் நின்று அலுத்த பெண்களின் ஓட்டு அந்தப் பக்கம் சாய்ந்தது என்று சரித்திர ஆசிரியர்கள் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், தொழிற் கட்சிக்குக் கிடைத்தது 1 கோடி 39 லட்சம் ஓட்டு. எதிர்த் தரப்புக்கு 1 கோடி 37 லட்சம். ஆனால் ஸ்தானங்களில் எதிர்த் தரப்புக்கு 321, தொழிற் கட்சிக்கு 295! கிழவர் சர்ச்சில் திரும்பி வந்தார். ரேஷன் உடனே போய்விட்டதா? இல்லை. மிட்டாய்க்கும் சர்க்கரைக்கும் 1953. இறைச்சிக்கு 1954-ம் வருஷம் ஜூலை. ஆரம்பித்து 14 வருஷத்துக்குப் பிறகுதான் ரேஷன் புத்தகத்தைக் கிழித்தெறிந்தார்கள்.

கூடத்தில் ஓடிய கால்வாய்

சர்ச்சிலுக்குப் பின் வந்தவர் ஈடன். அழகர், படிப்பாளி, அயல்நாட்டு விவகாரத்தில் கரைகண்டவர் என்று பெயர். அந்த விவகாரத்தில்தான் அவர் மூழ்கினார்.

1956-ம் வருஷம் ஜூலை 26-ந் தேதி எகிப்தின் தலைவர் நாஸர், சூயஸ் கால்வாய்க் கம்பெனியைத் தேசிய உடைமை ஆக்கினார். ஈடன் பிரான்ஸுடனும் இஸ்ரேலுடனும் ரகசியமாகத் திட்டம் போட்டார். அக்டோபர் கடைசியில் இஸ்ரேல் படையெடுத்தது. சண்டையை விலக்குகிறோம் என்ற சாக்கில் பிரிட்டனும் பிரான்ஸும் குண்டு வீசி, நவம்பர் முதல் வாரத்தில் படைகளை இறக்கின. அமெரிக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கே ஜனாதிபதி ஐஸன்ஹோவருக்குத் தேர்தல் சமயம். அவருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

அமெரிக்கா ஒரு துப்பாக்கியைக்கூட நீட்டவில்லை. கடன்காரனிடம் துப்பாக்கி எதற்கு? கால்வாயில் கப்பல்களை மூழ்கடித்து எகிப்து வழியை அடைத்துவிட்டது. எண்ணெய் வேண்டுமானால் டாலர் கொடுத்து அமெரிக்கப் பக்கத்திலிருந்து வாங்க வேண்டும். பவுண்டோ சரிந்துகொண்டிருந்தது. சர்வதேச நிதியிலிருந்து கை கொடுக்க வேண்டுமானால் முதலில் படையை நிறுத்து என்று அமெரிக்கா சொல்லிவிட்டது. போகலாம் போகலாம் என்று அதுவரை ஊக்கிய நிதி மந்திரி மாக்மில்லன், கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, நிறுத்தலாம் நிறுத்தலாம் என்றார். முதலில் பாய்ந்தவரும் அவரே, முதலில் திரும்பியவரும் அவரே என்று வில்ஸன் பரிகசித்தார். நவம்பர் 6-ந் தேதி நள்ளிரவில் சண்டை நின்றது.

லண்டன் டிராபால்கர் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடி யுத்தத்தைக் கண்டித்தார்கள். அங்கே பேசியவர் பீவன். கண்ணாடிச் சண்டையில் பிரிந்த பீவனும் கெய்ட்ஸ்கெல்லும் இதில் ஒரே பக்கம் நின்றார்கள். ஈடனின் கட்சியிலேயே இரண்டு இளம் மந்திரிகள் விலகினார்கள். சில வாரங்களாகத் தன் வீட்டுக் கூடத்தின் வழியாகவே சூயஸ் கால்வாய் ஓடுவதுபோல் இருந்தது என்று ஈடனின் மனைவி ஒரு பெண்கள் கூட்டத்தில் சொன்னார். அவருக்கு மட்டுமா? டிசம்பர் 17-ந் தேதி பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. கிழித்தெறிந்த சீட்டுக்குப் பதில் புதுச் சீட்டு! அந்த வருஷக் கடைசியில் கட்ட வேண்டிய கடன் தவணையும் தள்ளிப் போயிற்று. உடல் நலம் கெட்ட ஈடன் 1957-ம் வருஷம் ஜனவரி 9-ந் தேதி ராஜிநாமாச் செய்தார். அவருடைய இடத்துக்கு வந்தவர், வேறு யார், மாக்மில்லன்தான்.

சூயஸில் சேர்ந்து சூடுபட்ட இரண்டு தேசங்கள் இரண்டு பாடம் கற்றன. அமெரிக்காவை நம்பியிருக்கக் கூடாது என்றது பிரான்ஸ். அமெரிக்காவை விட்டுப் பிரியவே கூடாது என்றது பிரிட்டன்.

பையில் உள்ள பவுண்டு

1964-ம் வருஷம் தொழிற் கட்சி மீண்டும் வந்தது. பிரதம மந்திரி வில்ஸன். நிதி மந்திரி கலஹன். ஆம், அன்று அமெரிக்கக் கடனை எதிர்த்து ஓட்டுப் போட்ட அதே கலஹன்! பதவிக்கு வந்த உடனேயே இரண்டு வருஷம் அடுத்தடுத்துக் கடன் தவணையைத் தள்ளி வைக்க நேர்ந்தது. 1967-ம் வருஷம் நவம்பரில் பவுண்டை 2.80 டாலரிலிருந்து 2.40 ஆக இறக்கினார்கள். வில்ஸன் டெலிவிஷனில் தோன்றி, உங்கள் பையில் இருக்கும் பவுண்டின் மதிப்பு குறைந்துவிடவில்லை என்று ஜனங்களைத் தேற்றினார். கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிறவர்களிடம் அந்தப் பேச்சு பலிக்குமா? அடுத்த ஜனவரியில், சிங்கப்பூரிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் 1971-ம் வருஷக் கடைசிக்குள் படைகளைத் திருப்பி அழைப்பதாக அறிவிப்பு வந்தது. அதே அறிவிப்பில் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம், பெரிய பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இலவசப் பால் நிறுத்தம். சாம்ராஜ்யமும் பால் டம்ளரும் ஒரே பட்டியலில்! பிறகு 1976-ம் வருஷம் பிரதம மந்திரியாகவே இருந்த கலஹன், சர்வதேச நிதியிடம் 390 கோடி டாலர் கேட்டுக் கை நீட்ட வேண்டி வந்தது. கடனை எதிர்ப்பது பொறுப்பு கையில் இல்லாதபோது சுலபம்.

இதற்கிடையில் பிரிட்டன் இன்னொரு வீட்டு வாசலுக்கும் போய்ப் பார்த்தது. ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர 1961-ல் மனுப் போட்டது. 1963-ல் பிரெஞ்சு ஜனாதிபதி டிகால் முடியாது என்றார். 1967-லும் முடியாது என்றார். 1973-ல்தான் கதவு திறந்தது. இருக்கலாமா வேண்டாமா என்று 1975-ல் ஜனங்களையே கேட்டார்கள். வேண்டாம் என்ற தரப்பில் தொழிற் கட்சி மந்திரி பார்பரா காஸில் அம்மையார் பிரஸ்ஸல்ஸ் நகருக்குப் போய்ச் சாமான் வாங்கி, அங்கே விலை அதிகம் என்று காட்டினார். வேண்டும் என்ற தரப்பில் கன்ஸர்வேடிவ் தலைவி தாட்சர் அம்மையார் ஒன்பது நாட்டுக் கொடிகள் போட்ட கம்பளிச் சட்டை அணிந்து வந்தார். மூன்றில் இரண்டு பங்கு ஜனங்கள் இருக்கலாம் என்றார்கள். 41 வருஷம் கழித்து, 2016-ல் மறுபடியும் கேட்டபோது நூற்றுக்கு 52 பேர் விலகலாம் என்றார்கள். 2020-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி பிரிட்டன் வெளியேறியது. அதற்குள் இரண்டு கட்சிகளும் இந்தக் கேள்வியில் தலைகீழாகப் புரண்டிருந்தன.

கடைசித் தவணை

50 தவணை என்றால் 2000-ம் வருஷத்தில் கடன் தீர்ந்திருக்க வேண்டும். 1956, 1957, 1964, 1965, 1968, 1976 ஆகிய ஆறு வருஷங்களில் கட்டாமல் தள்ளி வைத்ததால் இன்னும் ஆறு வருஷம் நீண்டது. 2006-ம் வருஷம் டிசம்பர் கடைசியில், ஏறக்குறைய 8 கோடியே 30 லட்சம் டாலரைக் கட்டி அமெரிக்கக் கணக்கை முடித்தார்கள். கனடாவிடம் வாங்கியிருந்த தனிக் கடனும் அதோடு தீர்ந்தது.

நியாயமாகச் சொன்னால் 2 வட்டி அதிகம் அல்ல. விலைவாசி ஏறிய ஏற்றத்தில் கடைசித் தவணைகள் பாரமாகவும் இல்லை. பிரிட்டன் நாணயமாகக் கட்டி முடித்தது. அதற்கு மரியாதை செய்ய வேண்டியதுதான். ஆனால் பத்திரத்தில் எழுதாத வட்டி ஒன்று இருந்தது. வாஷிங்டன் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கும் பழக்கம் அது. கடன் தீர்ந்த 2006-ம் வருஷத்திலும் பிரிட்டிஷ் சிப்பாய்கள் அமெரிக்காவுடன் ஈராக்கில் இருந்தார்கள். அவர்களை அனுப்பியவர் தொழிற் கட்சிப் பிரதம மந்திரி. 2003-ம் வருஷம் அதை எதிர்த்து அவர் கட்சியிலேயே 139 பேர் ஓட்டுப் போட்டும் பயனில்லை.

1946-ம் வருஷம் ஜூலை மாதம், லண்டனில் ஒரு ரொட்டிக் கடை வாசலில் இடுப்பில் குழந்தையும் கையில் சீட்டுமாக நின்ற 25 வயதுப் பெண்ணுக்கு, கடன் தீர்ந்த அன்று 85 வயது. வாஷிங்டனில் போட்ட கையெழுத்தைப் பற்றி அவளை யாரும் கேட்கவில்லை. சூயஸுக்குப் போகலாமா என்றும் கேட்கவில்லை. இரண்டு கட்சிகளும் அவள் ஓட்டைக் கேட்டன. இரண்டும் விலையை அவள் கூடையில்தான் வைத்தன. ரொட்டி, மின்சாரம், பல் செட், பெட்ரோல், பிள்ளையின் பால் என்று தவணை தவணையாக அவள் கட்டி முடித்த கணக்கு எந்தப் பேரேட்டிலும் இல்லை.

ஆகையால் அடுத்த முறை அயல்நாட்டு விவகாரம் என்ற தலைப்பைப் பார்த்தால், அவசரமாகப் புரட்டிவிடாதீர்கள். பாலை இறக்கி வைத்துவிட்டு ஒரு தடவை படித்துவிடுங்கள். அந்தப் பாலின் விலையே அதில் இருந்தாலும் இருக்கும்!